ஓட்டை 407-ஐ நம்பி ஓசூர் வரை

எங்கள் வீட்டு வண்டி 1997 மாடல் டாடா 407. ஒரு காலத்தில் அப்பா இதில்தான் திங்கள்சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போவார். இப்போது செங்கல், ரப்பர் விறகு, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று பக்கத்து ஊர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அக்கா ஓசூரில் குடியேறியபோது பலாமரக் கட்டிலும் அலமாரியும் ஆட்டுக்கல்லும் வேண்டும் என்றாள், வெளி வண்டிக்குக் கேட்ட வாடகையைக் கேட்டதும் 'நம்மகிட்டதான் வண்டி இருக்கே' என்று நானே கிளம்பிவிட்டேன். மார்த்தாண்டத்திலிருந்து ஓசூர் ஏறக்குறைய 670 கிலோமீட்டர். முதல் தடவை போய்ச்சேர மூன்று நாள் ஆனது. ஆறு மாதம் கழித்து மிச்சச் சாமானோடு இரண்டாவது தடவை போனபோது இரண்டாம் நாள் சாயங்காலமே அக்கா வீட்டில் டீ குடித்தேன். இடையில் வண்டியில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. திட்டம் போட்ட விதத்தைத்தான் மாற்றினேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது 407 இல்லாமல் பழைய பிக்கப்போ மினி லாரியோ என்றாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வண்டிக்குள் போடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, வண்டி எப்போதெல்லாம் முரண்டு பிடிக்கிறதோ அப்போதெல்லாம் தேதி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, லோடு இருந்ததா, வெயிலா மழையா என்று எழுதி வையுங்கள். பழைய வண்டி நினைத்த நேரத்தில் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள், எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை. என் வண்டி காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும், ஆனால் சூடாக இருக்கும்போது அணைத்தால் அரை மணி நேரத்துக்கு செல்ஃப் மோட்டார் சுற்றாது. லோடோடு இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். டீசல் முள் கால் டேங்கில் வந்து நின்றால் அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு திட்டம் பாதி தானாகவே வந்துவிட்டது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தினால் சரிவாக இருக்கும் இடத்தில் முகம் கீழே பார்த்தபடி (செல்ஃப் சுற்றாவிட்டாலும் உருட்டிக் கிளப்பிவிடலாம்), டீசலுக்கு முள்ளை நம்பாமல் குச்சி விட்டு அளப்பது. குச்சி ஒன்றில் கத்தியால் கோடு போட்டு சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், ஒரு கோடு பத்து லிட்டர். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்து, கிளம்புகிற வாரத்தில் புதிதாக எதையும் மாற்றாதீர்கள். இதில் நான் நன்றாகச் சூடுபட்டிருக்கிறேன். முதல் பயணத்துக்கு முந்தின நாள் தண்ணி பம்ப்பை மாற்றினேன், ஒரிஜினல் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள், சாத்தூர் போவதற்குள் ஒழுக ஆரம்பித்துவிட்டது. பழைய பம்ப் ஒழுகினாலும் எவ்வளவு ஒழுகும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் வந்து புலம்பியபோது, "மாத்தணும்னா ஒரு மாசம் முன்னாடி மாத்து மக்கா, மாத்திட்டு லோடு ஏத்தி ஓட்டிப் பாரு" என்று மட்டும் சொன்னார். ஆகவே பெல்ட், ரேடியேட்டர் ஓஸ், பிரேக் லைனிங், வீல் பேரிங் கிரீஸ், டீசல் பில்டர், ஆயில் எல்லாவற்றையும் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கழற்றிய பழைய பெல்ட் அறுந்திருக்காவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், அதுதான் ஸ்பேர்.

முடித்ததும் ஒரு சோதனை ஓட்டம். காலி வண்டியை நாகர்கோவில் வரை ஓட்டிவிட்டு எல்லாம் சரி என்றால் அது சோதனையே இல்லை. நீங்கள் கொண்டு போகப்போகிற எடைக்குச் செங்கல்லோ மணல் மூட்டையோ ஏற்றிக்கொண்டு, திருவட்டாறு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை போங்கள். ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கி வளையும் அந்த ரோட்டில் கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்னொரு நாள் நடு மத்தியானத்தில் ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூர் வரை நிற்காமல் போய் வாருங்கள், அது ரேடியேட்டருக்கான பரீட்சை. இரண்டும் முடித்து வந்து ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் கறை எங்கே விழுந்திருக்கிறது, கறுப்பா, பச்சையா, வெறும் தண்ணீரா என்று பார்த்தால் எந்த இடம் ஒழுகுகிறது என்பது தெரிந்துவிடும்.

டயரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பட்டன் (தரையில் படுகிற வெட்டு) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறுபவர்கள் அதிகம். உள்ளூரில் குறைவாக ஓடுகிற வண்டியின் டயர் தேயாது, ஆனால் வயதாகிவிடும். பக்கச் சுவரில் பொறித்திருக்கும் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. அதோடு பக்கச் சுவரில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பும் இருந்தால் நாற்கரச் சாலை வெயிலில் லோடோடு அதை நம்பாதீர்கள். நல்ல டயர் இரண்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் அவற்றை முன்னால் போடுங்கள். பின்னால் ஜோடியாக இருப்பதால் ஒன்று வெடித்தாலும் ஓரம் கட்டிவிடலாம், முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்க வேண்டும். என் ஸ்டெப்னியில் ஒரு வருஷமாகக் காற்றே இல்லை என்பதை விருதுநகர் பக்கத்தில் ராத்திரி பத்து மணிக்குத்தான் கண்டுபிடித்தேன்.

வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் பாதிக் கடையையே சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பயன்பட்டதை மட்டும் சொல்கிறேன். பெல்ட் ஒன்று, மேல் ஓஸ் கீழ் ஓஸ் தலா ஒன்று அதற்கான கிளிப்புகளோடு, டீசல் பில்டர், ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, இரண்டு டியூப், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், எம்-சீல், ஒரு துண்டு பார் சோப்பு. சோப்பு கை கழுவ மட்டும் அல்ல, டீசல் டேங்கில் பொட்டு ஒழுக்கு வந்தால் சோப்பைப் பிசைந்து அப்பினால் டீசல் அதைக் கரைக்காது, அடுத்த ஊர் வரை தாராளமாகப் போகலாம். ரேடியேட்டரில் ஊசிக்கண் ஒழுக்கு என்றால் மஞ்சள்தூள் போடும் பழைய டிரைவர் வைத்தியமும் வேலை செய்யும், ஆனால் ஊருக்குத் திரும்பியதும் ரேடியேட்டரைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். இருபது லிட்டர் கேனில் தண்ணீர், ஐந்து லிட்டர் டீசல், இரண்டு லிட்டர் ஆயில். ஜாக்கியோடு அதற்கு அடியில் வைக்க ஒன்றரை அடி பலகைத் துண்டு ஒன்று, மண்ணில் ஜாக்கி புதைந்த பிறகு பலகை தேடி அலைய முடியாது. சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க இரண்டு மரக்கட்டை.

இனி நாளும் நேரமும். ஞாயிற்றுக்கிழமையை வழியில் சந்திக்காதபடி கிளம்புங்கள். எங்கள் மார்த்தாண்டம் பக்கம் ஞாயிறன்று கோவிலுக்குப் போய்விட்டு வீட்டில் இருப்பார்கள், ஒர்க்‌ஷாப் திறக்காது, வெளியூரிலும் ஸ்பேர்ஸ் கடைகள் பெரும்பாலும் அடைப்புதான். ஆயுதபூஜை வாரத்தை நினைக்கவே வேண்டாம், மெக்கானிக் எல்லாரும் ஸ்பேனருக்குச் சந்தனம் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். நான் திங்கள் அதிகாலை நாலு மணிக்குக் கிளம்புவேன். பதினொன்றரைக்குள் ஓடுகிற வரை ஓடுவது, வெயில் உச்சியில் மூன்றரை மணி நேரம் நிழலில் கிடப்பது, மூன்று மணிக்குப் பிறகு எட்டு வரை மறுபடி ஓட்டம். ராத்திரி ஓட்டம் குளிர்ச்சிதான், இன்ஜினுக்கும் நல்லதுதான், ஆனால் பழைய வண்டியின் மங்கின ஹெட்லைட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோன வண்டியும் சேர்ந்தால் நமக்கு நல்லதில்லை.

வழியைக் கிலோமீட்டர் வைத்துப் பிரிக்காமல் மெக்கானிக் இருக்கும் ஊர்களை வைத்துப் பிரியுங்கள். நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு வந்தால் என்.எச். 44 பிடித்துவிடும், அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு வடக்கே போகலாம் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். சிக்கல் என்னவென்றால் நாற்கரச் சாலை எந்த ஊருக்குள்ளும் போகாது. ஒர்க்‌ஷாப், லேத், ஸ்பேர்ஸ் கடை எல்லாம் பழைய ரோட்டில், ஊருக்குள் இருக்கும். பைபாஸில் இருப்பது பங்க்சர் கடையும் பரோட்டா கடையும்தான். அதனால் வள்ளியூர், திருநெல்வேலி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், மதுரை, திண்டுக்கல், கரூர் என்று ஒவ்வொரு ஊருக்கும் எந்தப் பிரிவில் இறங்கினால் ஊருக்குள் போகலாம் என்று முன்னாடியே மேப்பில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டும்போது சந்தேகமாக ஒரு சத்தம் வந்தால், அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாங்குநேரிக்கு முன்னும் பின்னும், கயத்தாறு தாண்டிய கரிசல் வெளியிலும் நிழலுக்கு ஒரு மரம் கிடைப்பதே கஷ்டம், சத்தத்தோடு அதற்குள் நுழைய வேண்டாம், முந்தின ஊரிலேயே இறங்கிவிடுங்கள்.

முதல் நிறுத்தம் முப்பந்தல். மார்த்தாண்டத்திலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். இசக்கியம்மன் கோவிலில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்த வழியாகப் போகும் டிரைவர்கள் பலரும் போவார்கள். எங்கள் தெருக் குருசடியில் (சிலுவை வைத்த சின்னக் கோவில்) மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கிளம்புகிற நானும் அங்கே இறங்குவேன். இறங்கினதும் சக்கரம் சக்கரமாகப் போய் ஹப்பில் புறங்கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. இந்த இடத்தில் தெரிந்தால் நாகர்கோவிலுக்கே திரும்பிவிடலாம், இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. வீல் நட்டையும் அங்கேயே ஒரு தடவை முறுக்குங்கள், ஜோடி டயருக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சும்மா அடிக்காது, அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். உயரமாக லோடு ஏற்றித் தார்ப்பாய் தளர்வாகக் கட்டியிருந்தால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கனமான ஆட்டுக்கல், பீரோ எல்லாம் கீழே கேபினை ஒட்டி, கட்டிலின் கால்களைக் கழற்றி மேலே, அதற்கு மேல் தார்ப்பாய், கயிறு மூன்று குறுக்கு. அக்கா கேட்ட மட்டி வாழைக்குலையை மட்டும் கேபினுக்குள் வைத்துக்கொண்டேன், பின்னால் வைத்தால் ஓசூரில் இறங்குவது குழம்புதான்.

முதல் ராத்திரிக்குத் திண்டுக்கல். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மறுநாள் விடிவதற்குள் கிளம்பினால் நாமக்கல்லுக்கு எட்டு மணிவாக்கில் போய்விடலாம். நாமக்கல் லாரிக்காரர்களின் ஊர், பாடி கட்டுகிற பட்டறை, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அடிக்கிற கடை, டீசல் பம்ப் பார்க்கிற கடை, பழைய வண்டிக்கான உதிரிப் பாகம் என்று எல்லாம் கிடைக்கும். முதல் நாள் ஓட்டத்தில் வண்டி என்னென்ன முனகியதோ அதையெல்லாம் அங்கே காட்டிவிடலாம். நான் இரண்டாவது தடவை மெயின் பட்டையில் வெடிப்பு விட்டிருந்ததை அங்கேதான் மாற்றினேன், இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது, ஊரில் என்றால் இரண்டு நாள். ஒன்றும் கோளாறு இல்லை என்றால் நிற்காமல் சேலம் தாண்டி, வெயில் ஏறும் முன் தொப்பூர் கணவாய் ஏறிவிடுங்கள்.

இப்போது வழியில் நின்றுபோனால். முதல் பயணத்தில் கயத்தாறு தாண்டி நின்றதைச் சொல்கிறேன், ஏனென்றால் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இது ஒரு நாள் நடக்கும். முள் கால் டேங்க் காட்டியது, டேங்க் காலி. கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஊற்றினேன், வண்டி எடுக்கவில்லை. செல்ஃபை அடித்து அடித்துப் பாட்டரியையும் இறக்கினேன். கடைசியில் தூத்துக்குடி உப்பு லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, என்னைத் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். டீசல் தீர்ந்தால் பைப்புக்குள் காற்று போய்விடும், அந்தக் காற்றை வெளியே எடுக்காமல் எத்தனை செல்ஃப் அடித்தாலும் வீண். டீசல் பில்டரின் தலையில் ஒரு சின்ன போல்ட் இருக்கும், அதை ஒன்றிரண்டு திருகு தளர்த்துங்கள். இன்ஜின் பக்கவாட்டில் டீசல் பம்ப்போடு ஒட்டினாற்போல் கையால் அமுக்குகிற குமிழ் ஒன்று உண்டு, அதை விடாமல் அமுக்குங்கள். முதலில் புஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக டீசல் வரும், கடைசியில் குமிழே இல்லாமல் கம்பி போல வழியும். அமுக்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கிவிடுங்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால் இன்ஜெக்டருக்குப் போகும் பைப்புகளின் நட்டை லேசாகத் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் அடிக்க, டீசல் துப்பத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அந்தப் பீச்சலில் கையை நீட்டாதீர்கள், அழுத்தம் தோலைத் துளைக்கும். வீட்டு வாசலில் வைத்து இதை ஒரு தடவை செய்து பழகிவிடுங்கள், ராத்திரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முதல் தடவையாகச் செய்கிற வேலை இல்லை இது.

சூடேறி நின்றால் உடனே ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், டீ குடியுங்கள். மூடி கையில் தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகு கனமான துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும், அதோடு பயணம் முடிந்தது. பெல்ட் அறுந்தால் தண்ணீரும் சுற்றாது, சார்ஜும் ஏறாது. என் வண்டியில் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு இருப்பதால் பிரேக்கும் கட்டையாகிவிடும், ஆகவே அறுந்த பெல்ட்டோடு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டும் வேலை வேண்டாம்.

எங்கே நின்றாலும் ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளி, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். நம் ஊர் வழக்கப்படி கல்லும் மரக்கிளையும் வைத்தால் கிளம்பும்போது எடுத்துவிட்டுப் போங்கள், அடுத்து வருகிற பைக்காரர் அதில் விழுவார். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, டோல் ரோட்டின் ரோந்து வண்டி வரும். பாஸ்டேக்கில் பணம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், நாங்குநேரி, சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று மதுரை தொடுவதற்குள்ளேயே வரிசையாக டோல் வரும், டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

செலவுக் கணக்கு சுலபம். லோடோடு என் வண்டி லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுக்கும், அப்படியென்றால் ஒரு வழிக்கு 84 லிட்டர். டீசலுக்கு ஆகிற அதே தொகையை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள், அதில் பாதியாவது நோட்டாக, ஏனென்றால் சிக்னல் இல்லாத இடத்தில் ஜி-பே உதவாது.

காகிதம்: எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று), கூடவே இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆர்.சி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு லைட் வண்டி லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 407 அதற்குள் வரும். ஓசூர் தமிழ்நாடுதான், ஆனால் அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம், பெங்களூர் வரை போவதானால் பெர்மிட்டைத் தனியாகப் பாருங்கள். மச்சான், மாமா, பிள்ளைகள் என்று பின்னால் சாமானோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, சட்டமும் விடாது, இன்சூரன்சும் கொடுக்காது. கேபினில் எத்தனை பேரோ அத்தனை பேர்தான்.

திரும்பும் பயணத்தில் காலி வண்டிதானே என்று அசட்டையாக இருக்கத் தோன்றும், தொப்பூரில் மட்டும் அப்படி இருக்கவே கூடாது. போகும்போது ஏற்றம், வரும்போது தருமபுரிப் பக்கமிருந்து இறக்கம். இரட்டைப்பாலம் பக்கம் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய செய்தியை எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும், டிரம் சூடேறி, கடைசியில் பெடல் அமுக்கினாலும் வண்டி நிற்காது. பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்கு வழி விட்டுவிட்டு நீங்கள் உங்கள் வேகத்திலேயே இறங்குங்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் குளித்துவிட்டுத் தூங்குவதற்கு முன், வழியில் எடுத்துப் பயன்படுத்திய ஸ்பேர் எதுவோ அதை நோட்டில் எழுதி, மறுநாளே வாங்கி வையுங்கள். முதல் பயணம் முடிந்து நான் அதைச் செய்யவில்லை. இரண்டாவது தடவை கிளம்பி மதுரை தாண்டி வாடிப்பட்டி பக்கத்தில் பெல்ட் அறுந்தபோது சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன், பெல்ட்டின் காலி அட்டைதான் கையில் வந்தது.